நீ கூட்டத்தில் காட்டிய என் முகம்

டோர்ட்மண்ட்
ஞாயிறு பின்னேரம், ஒக்டோபர்

அன்பு மகன் லக்ஸனுக்கு,

நீயும் ஸ்ரீநிதியும் அந்த டென்னசி வெயிலுக்குள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க மடு மாதாவை மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். சுகம் என்று எழுதுவது முறை என்பதற்காக எழுதினேனே தவிர, உண்மையில் அப்பா மட்டும்தான் சுகம். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார், போன கிழமை பால் வாங்கக் கடைக்குப் போனவர், மலிவாகப் போட்டிருந்தான் என்று இரண்டு பெரிய முட்டைக்கோவாவைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றார், அன்றிலிருந்து இந்த வீட்டில் கோவா வறைதான், பால் நான்தான் போய் வாங்கினேன். ஸ்ரீநிதிக்குச் சத்தி நின்றதா? மாசமாக இருக்கிற பிள்ளை வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடக்கூடாது, காலையில் ஒரு துண்டுப் பாணாவது வாயில் போட்டுவிட்டுப் போகச் சொல். பிள்ளை பிறந்தால் அவளுக்கு எத்தனை மாதம் விடுமுறை என்று உன்னிடம் முன்பும் கேட்டேன், நீ கதையை மாற்றிவிட்டாய். ஏன் மாற்றினாய் என்று இப்போது எனக்கு விளங்குகிறது.

நீ ஞாயிறுதோறும் தொலைபேசி எடுக்கிற நேரத்துக்கு இந்த இரண்டு முறையும் நான் வரவில்லை. அம்மா கோயிலுக்குப் போய்விட்டா, அம்மா குளிக்கிறா என்று அப்பா சொன்னதெல்லாம் பொய். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன், உன் குரல் முழுவதும் கேட்டது. தொலைபேசியில் உன்னோடு கதைத்தால் நீ அம்மா, கேளுங்கோ அம்மா என்று இரண்டு தரம் சொல்லுவாய், நான் இளகிவிடுவேன், பிறகு ஸ்ரீநிதி என்ன சாப்பிட்டாள் என்று கதை போய்விடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பனிக்குள் சனிக்கிழமைதோறும் உன்னை இழுத்துக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்குப் போனது இப்படியொரு கடிதத்தை நீ வாசிப்பதற்காகத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலைக்கு, நீ அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சி செய்து ஆளான அதே தொழிற்சாலைக்கு, போன மாதம் உங்கள் டென்னசித் தொழிற்சாலையிலிருந்து டெனீஸ் என்று ஒரு பெண் வந்தாள். எங்கள் பெற்றீப்ஸ்றாட் கூப்பிட்டது. பெற்றீப்ஸ்றாட் என்றால் என்னவென்று அமெரிக்காவில் நீ மறந்திருப்பாய், வேலை செய்கிறவர்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிற குழு, அதைக் கேட்காமல் முதலாளி எங்கள் வேலை நேரத்தைக்கூட மாற்ற முடியாது. ஒரே முதலாளிக்குக் கார்க் கதவுப் பூட்டுச் செய்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாமா என்றுதான் கூப்பிட்டார்கள். உங்களிடத்தில் சங்கம் வைப்பதா வேண்டாமா என்று நவம்பரில் வாக்கெடுப்பு இருப்பதையே அப்போதுதான் நான் கேள்விப்பட்டேன், நீ சொல்லவில்லை. எனக்கு அதுவா பெரிது, என் பிள்ளை வேலை செய்கிற இடத்து ஆள் வருகிறாள் என்றதும் நான் றோல்ஸ் செய்து ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோனேன். கூட்டம் முடிந்ததும் அவள் கையைப் பிடித்து, அங்கே பணியாளர் பிரிவில் பெரியவனாக இருக்கிறானே லக்ஸன், அவன் என் மகன், மெலிந்துவிட்டானா, நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று கேட்க வேண்டும் என்று கன்ரீனில் முன் வரிசையில் போய் இருந்தேன். பக்கத்தில் துருக்கிக்காரி குல்சென். என்னோடு ஒரே மேசையில் இத்தனை வருடமாகப் பூட்டுப் பொருத்துகிறவள், நீ சின்னனில் அவள் வீட்டுப் பக்லாவாவைக் களவாகச் சாப்பிட்டு அடி வாங்கியிருக்கிறாய், அவளை நீ மறந்திருக்க மாட்டாய்.

டெனீஸ் ஆங்கிலத்தில் பேசினாள், ஒரு மாணவி அதை டொச் மொழியில் சொன்னாள். வேலை நேரத்தில் எல்லோரையும் ஒரு அறைக்குள் கூப்பிட்டுச் சங்கம் வேண்டாம் என்று நிர்வாகம் வகுப்பு எடுக்கிறதாம், போகாமல் விட முடியாதாம். அங்கே எங்களுக்கு என்ன காட்டுகிறார்கள் என்று நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த அறையில் யாரோ களவாகப் பிடித்த ஒரு வீடியோவைத் திரையில் போட்டாள். முதலில் உன் குரல். இது என் அம்மா, ஜெர்மனியில் எங்கள் தலைமைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறா, சங்கத்தில் பல வருடம் இருந்தவ, அவ என்ன சொல்லுகிறா என்று கேளுங்கள் என்று. பிறகு எங்கள் குசினி. பிறகு நான். போன நத்தார்ப் பண்டிகைக்கு நீ வந்தபோது நான் கொக்கிஸ் சுட்டுக்கொண்டு நின்ற அதே கோலம், எண்ணெய்ச் சட்டி, பழைய சட்டை, கலைந்த தலை. கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நீ, அம்மா, இவ்வளவு வருசம் யூனியனில இருந்து என்னத்தைக் கண்டனீங்கள் என்று கேட்கிறாய். நான், என்னத்தைக் கண்டன், சந்தா கட்டினதும் குளிருக்குள்ள கேற்றடியில நிண்டு கால் விறைச்சதும்தான், மாடாய் முறிஞ்செல்லோ உங்களை வளர்த்தனான் என்று சொல்லிச் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்போடு படம் நின்றது.

கீழே ஆங்கிலத்தில் நீ எழுதியிருந்ததை அந்த மாணவி பாவம், தன் வேலை என்று டொச்சில் உரக்க வாசித்தாள். சங்கம் என்னிடம் பணம் எடுத்தது, குளிரில் நிறுத்தியது, எனக்கு ஒன்றும் தரவில்லை, என் குடும்பத்தைக் காப்பாற்றியது என் உழைப்பு மட்டும்தான் என்று. என் சிரிப்பை நீ மொழிபெயர்க்கவில்லை. குல்சென் பாதி கடித்த றோல்ஸைத் திரும்பக் கோப்பையில் வைத்தாள். டெனீஸ் திரையைப் பார்த்தாள், முன் வரிசையைப் பார்த்தாள், திரும்பத் திரையைப் பார்த்தாள். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கத்தை நான் இந்த நாட்டில் அகதியாக வந்து வரிசையில் நின்ற நாட்களில்கூடப் பட்டதில்லை.

லக்ஸன், உனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும். எங்களுடைய ஆட்களிடம் நல்லதைக் கேட்டால் நல்லது என்று வாயால் சொல்ல மாட்டோம். உடம்பு எப்படி என்றால் ஏதோ இருக்கிறம் என்போம். பிள்ளை வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்திருப்பாள், சோதனை எப்படி என்று கேட்டால் ஏதோ எழுதினவள் என்போம். புது வீடு வாங்கியவனைக் கேட்டுப்பார், தலைக்கு மேலே ஒரு கூரை, வேறென்ன என்பான். கண்ணூறு பட்டுவிடும் என்று பயம், பெருமை பேசினால் கடவுள் கேட்டுக்கொண்டிருப்பார் என்று பயம். உன்னையே நான் ஒரு நாளும் கெட்டிக்காரன் என்று மற்றவர் முன்னால் சொன்னதில்லை, அதற்காக நீ கெட்டிக்காரன் இல்லை என்று அர்த்தமா? வெள்ளைக்காரன் ஒருவன் இந்தப் படத்தை எடுத்திருந்தால் பாவம், விளங்கவில்லை என்று விட்டிருப்பேன். நீ என் வயிற்றில் பிறந்தவன், என் வாயில் வருகிற இல்லை எது, ஓம் எது என்று பால்குடியிலிருந்து அறிந்தவன். தெரிந்துகொண்டே வெட்டினாய். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள், பாய்ந்தால் எப்படி நோகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிரித்து முடித்த பிறகு நான் என்ன சொன்னேன்? கையைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு உனக்குக் கதை சொன்னேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உன்னை வீட்டில் தனியே விட்டுவிட்டு இரவு வேலைக்குப் போக முடியாது என்று நான் அழுதுகொண்டு நின்றதும், பெற்றீப்ஸ்றாட்காரர் போய் மேலாளரோடு வாதாடி அடுத்த கிழமையே என்னைக் காலை வேலைக்கு மாற்றியதும் சொன்னேன். அந்த வேலைநிறுத்தத்தை, கால் விறைத்தது என்று சொன்னேனே அதே வேலைநிறுத்தத்தை, எதற்குச் செய்தோம் என்று சொன்னேன். அவுஸ்பில்டுங் முடிக்கிற பிள்ளைகளைப் படித்து முடிந்ததும் தெருவில் விடக்கூடாது, நிரந்தரமாக எடுக்க வேண்டும் என்றுதான் நின்றோம். அந்த வருடம் படித்து முடிக்க இருந்தவர்களில் நீ ஒருவன். குல்செனுக்கு அங்கே படிக்கிற பிள்ளை இல்லை, அவள் உனக்காக என் பக்கத்தில் நின்றாள். அப்படி நிரந்தரமானதால்தான் முதலாளி செலவழித்து உன்னை மேலே படிக்க விட்டான், அந்தப் படிப்பால்தான் நீ டென்னசிக்குப் போனாய். இதையெல்லாம் அந்தக் கொக்கிஸ் ஆறும் வரைக்கும் சொன்னேன், நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாய். அது எங்கே, தம்பி? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று உனக்கு நான் சொல்லித் தரவில்லையா?

அங்கே உங்கள் மாநிலத்தில் உள்ள சட்டத்துக்கு வேலை செய்யும் உரிமைச் சட்டம் என்று பெயராம். பெயரைக் கேட்டால் கும்பிடலாம் போல இருக்கிறது. நானும் அப்பாவும் வந்து முகாமில் இருந்த காலத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை என்று கடதாசியில் குத்தித் தந்துவிட்டார்கள், அப்பா நாள் முழுவதும் ஜன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஆனால் உங்கள் சட்டம் யாருக்கும் வேலை கொடுக்கிற சட்டம் இல்லை என்று டெனீஸ் சொன்னாள். சங்கம் பேசி வாங்குகிறது எல்லாருக்கும் பொது, சந்தா கட்டாதவனுக்கும் சங்கம்தான் வழக்குப் பேச வேண்டும், ஆனால் கட்டு என்று யாரையும் கேட்க முடியாது. இங்கேயும் கட்டாயம் இல்லை என்று நீ சொல்லுவாய், எனக்குத் தெரியும். எங்கள் பிரிவிலும் ஒரு சதமும் கட்டாமல் சம்பள உயர்வை முதல் ஆளாக எண்ணி வாங்குகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள், பெயர் சொன்னால் நீ சிரிப்பாய். ஆனால் இங்கே சங்கம் தளர்ந்தாலும் கீழே பெற்றீப்ஸ்றாட் இருக்கிறது, காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது, நோய் வந்தால் படுக்கலாம். அங்கே சங்கமும் இல்லையென்றால் மனிதருக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? டெனீஸின் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்களாம், இவள் பாதி வேலையில் போனதற்கு ஒரு புள்ளி போட்டார்களாம். புள்ளிகள் சேர்ந்தால் வேலை போய்விடுமாம். அதனால் அடுத்த முறை காய்ச்சல் பிள்ளைக்கு மருந்தைக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினேன் என்று சொல்லும்போது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய சொந்த அண்ணனும் அதே தொழிற்சாலைதானாம். நீங்கள் கட்டுங்கள், கிடைப்பது எனக்கும் கிடைக்கும், கட்டாமல் இருப்பது என் உரிமை என்கிறானாம். இரண்டு குடும்பமும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டதாம். புள்ளி போடுகிற அந்தப் பிரிவு உன்னுடைய பிரிவு என்று எனக்கு விளங்க நேரம் எடுத்தது. நாளைக்கு உன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஸ்ரீநிதிக்கு யார் புள்ளி போடுவான்?

இன்னொன்றும் சொன்னாள். உன் கூட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி, சங்கத்துக்கு ஓம் என்று முதலில் கையெழுத்துப் போட்டவளாம், என் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கி, இந்தத் தாய் பொய் சொல்ல மாட்டாள் என்று மனதை மாற்றிவிட்டாளாம். அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், அந்தத் தாய் பொய் சொல்லவில்லை.

இங்கே நடந்ததையும் கேள். வத்சலா இருக்கிறாளே, பொதியிடும் பிரிவில் வேலை செய்கிற நம்முடைய பிள்ளை, நான்தான் அவளைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சங்கத்தில் சேர்த்தேன். அவள் அடுத்த நாள் வந்து, அக்கா, நீங்களே ஒண்டும் காணேல்லை எண்டா நான் ஏன் கட்டவேணும், விலகப்போறன் எண்டு சொல்லிப்போட்டன் என்றாள். அவளும் தமிழ்தான், நான் சொன்னதை அவள் என் வாயாலேயே கேட்டாள், ஆனால் கீழே எழுதியிருந்ததும் வெட்டியதும் சேர்ந்து அவளையும் ஏமாற்றிவிட்டது. குல்சென் நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. பிறகு நான் அவளை உடைமாற்றும் அறையில் பிடித்து நிறுத்தி முழுவதையும் சொன்னேன், எங்கள் ஆட்கள் நல்லதை நல்லது என்று சொல்லப் பயப்படுவோம் என்று. அவர்களிடமும் இந்தக் கண்ணூறு உண்டு அல்லவா, உடனே விளங்கிக்கொண்டு கட்டிப்பிடித்தாள். ஆனால் மற்ற மேசைக்காரருக்கு நான் எத்தனை பேருக்குக் கண்ணூறைப் பற்றி வகுப்பு எடுப்பது? நான் போனால் கதையை நிறுத்துகிறார்கள். அப்பாவோ, பெடியன் வேலைக்காகச் செய்திருப்பான், மேல இருக்கிறவன் சொன்னாச் செய்யத்தானே வேணும், வயித்துப்பாடு என்கிறார். நான் சொன்னேன், வயிற்றுப்பாட்டுக்கு ஆட்கள் தங்கள் முதுகைக் கொடுப்பார்கள், தாயின் முகத்தைக் கொடுப்பதில்லை என்று. அவர் எழும்பிக் கோவா நறுக்கப் போய்விட்டார்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வர, வழக்கமாகக் கேட்கிற பிறேமா அக்கா, டொறத்தி, அமெரிக்கா மகன் எப்படி என்று கேட்டா. எப்போதும் போல ஏதோ இருக்கிறான் அக்கா என்றேன். எப்போதும் அதைச் சொல்லும்போது உள்ளே எனக்கு எவ்வளவு பெருமை இருக்கும் தெரியுமா, முகத்தில் காட்டாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொள்வேன். அன்றைக்கு உள்ளே ஒன்றும் இல்லை. உண்மையாகவே நீ ஏதோ இருக்கிறாய் என்றுதான் பட்டது. அது எனக்கு அந்தக் கன்ரீனைவிட நொந்தது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், நீ வேறு ஆள் மூலம் அறியக்கூடாது. நீ எனக்குச் சொல்லாமல் செய்தாய், நான் உனக்குச் சொல்லிவிட்டுச் செய்கிறேன். டெனீஸ் போவதற்கு முதல் நாள் குல்சென் வீட்டுக் கதிரையில் இருந்து நானும் ஒரு வீடியோ பேசினேன். தலையை ஒழுங்காக வாரி இழுத்துக்கொண்டு, டொச்சில் பேசினேன், எனக்கு என் தமிழ் மேல் பயம் வந்துவிட்டது. சங்கத்தால் எனக்கு நல்லது நடந்தது, என் புருஷனுக்கு நடந்தது, என் மகனுக்கு நடந்தது, நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று, கண்ணூறு பட்டால் படட்டும் என்று, வாழ்க்கையில் முதல் தரம் வாய் திறந்து சொன்னேன். அது இப்போது டெனீஸின் கையில் இருக்கிறது. ஆனால் அதைக் காட்ட வேண்டாம், பொறு என்று அவளைக் கேட்டேன். நத்தாரில் எடுத்த முழுப் படமும் என் மகனிடம் இருக்கிறது, வாக்கெடுப்புக்கு முதல் அவனே அதே அறையில் அதே ஆட்களுக்கு அதைக் காட்டுவான் என்று சொன்னேன். அவனுடைய வேலை போய்விடுமே, அவன் காட்டுவானா என்று கேட்டாள். காட்டுவான், எனக்கு என் பிள்ளையைத் தெரியும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து, தெரியுமா, தெரியுமா என்று என்னையே கேட்டுக்கொண்டு இருக்கிறேன். வேலை போனால் இங்கே வா, உன் அறை அப்படியே இருக்கிறது, ஸ்ரீநிதிக்கும் பிள்ளைக்கும் நான் இருக்கிறேன், பசி கிடக்க விட மாட்டேன். நீ காட்டாவிட்டால் அவள் என்னுடையதைக் காட்டுவாள். அப்போது அந்த அறையில் இருக்கிறவர்கள் உன்னைப் பார்க்கிற பார்வையை நான் தடுக்க முடியாது, லக்ஸன். நான் அந்தப் பார்வையைப் பட்டுவிட்டேன், நீ படக்கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஸ்ரீநிதியைக் கவனமாகப் பார்த்துக்கொள், படி ஏறி இறங்க விடாதே, இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் போடச் சொல். கோபத்தில் வண்டியை வேகமாக ஓடாதே. மடு மாதா உனக்கு நல்ல புத்தியையும் அதைச் செய்கிற துணிவையும் தரட்டும், பிறக்கப்போகிற பிள்ளை முகம் நிமிர்ந்து வளரட்டும். அப்பா தன் அன்பையும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. படத்தைப் போடும்போது நான் சிரிக்கிற இடத்தில் நிறுத்தாதே, அதற்குப் பிறகுதான் நான் பேசத் தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
டொறத்தி ஜேசுரட்ணம்